தொலைக் கடலும் நம் புன்செயும்

(அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரங்களின் ஊராட்சி உறுப்பினர்களும் உழவர்களும் கூடியிருந்த கூட்டத்தில் ஆற்றிய உரை)



வானம் பார்த்து வாழும் சீமை நம் சீமை. குண்டாறு மழைக்காலத்தில் சில நாள் ஓடி அடங்கிவிடும் ஆறு. கண்மாயும் ஊருணியும் கரிசல் மண்ணுமே நமது சொத்து. ஆண்டொன்றுக்குச் சற்றேறக்குறைய 800 மில்லிமீட்டர் மழை பெறும் இவ்வட்டாரத்தில், அதில் ஏறக்குறையப் பாதி அக்டோபர் முதல் டிசம்பர் முடியவுள்ள மூன்று மாதங்களில் வந்துவிடுகிறது. அந்த மூன்று மாதம் கைகொடுத்தால் சோளமும் குதிரைவாலியும் உளுந்தும் பருத்தியும் வீடு வந்து சேரும். அது கைவிட்டால் விதையும் போய், உழவுக் கூலியும் போய், கடன் மட்டும் வீடு வந்து சேரும்.

இப்படிப்பட்ட இடத்தில் தூர தேசங்களைப் பற்றியும், ஆழ்கடலை ஆராய்ந்த விஞ்ஞானிகளைப் பற்றியும் பேசுவதால் என்ன பிரயோஜனம் என்று சிலர் எண்ணக்கூடும். இக்கூட்டத்திற்கு வரும் வழியில், கண்மாய்க் கரையில் நின்றிருந்த பெரியவர் ஒருவரிடம் இன்று பேசப்போகும் பொருளைச் சொன்னோம். அவர் சற்றே சிரித்து, "ஐயா, எங்கேயோ கிடக்கிற கடல் சூடானால் என் காட்டுக்கு என்ன வந்தது?" என்று கேட்டார். கேள்வி நியாயமானதே. அதற்கு விடை சொல்வதே இன்றைய உரையின் நோக்கமாகும்.

தூர தேசத்தோடு நமக்குள்ள உறவு

முதலில் ஒன்றை நினைவுபடுத்திக்கொள்வோம். நம் புன்செயில் விளையும் மிளகாய் எங்கிருந்து வந்தது? நிலக்கடலை எங்கிருந்து வந்தது? மக்காச்சோளம் எங்கிருந்து வந்தது? இம்மூன்றும் அமெரிக்கக் கண்டங்களில் தோன்றியவை. ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்னர் நம் முன்னோர் எவரும் மிளகாயைக் கண்டதில்லை. காரத்திற்கு மிளகையே நம்பியிருந்தனர். கண்மாய் வயிற்றிலும் வரத்துக்காலிலும் மண்டிக் கிடந்து, வெட்ட வெட்டத் தழைக்கும் சீமைக் கருவேலமும் அக்கண்டங்களிலிருந்து வந்ததே. ஆகவே தூர தேசம் என்பது நமக்குப் புதிய உறவன்று. நல்லதும் அங்கிருந்து வந்திருக்கிறது, தொல்லையும் வந்திருக்கிறது.

ஆனால் இவையெல்லாம் கப்பலேறி வந்தவை. கப்பலேறாமலே வரும் ஓர் உறவும் உண்டு. தென்னமெரிக்காவில் பெரு என்றொரு நாடு இருக்கிறது. நம் அருப்புக்கோட்டையிலிருந்து ஏறத்தாழ 17,000 கிலோமீட்டர் தொலைவு. அந்நாட்டின் மேற்குக் கரையிலிருந்து விரிந்து கிடக்கும் பசிபிக் பெருங்கடல் சூடேறுவதற்கும் குளிர்வதற்கும், நம் ஊரில் மழை மிகுவதற்கும் குறைவதற்கும் தொடர்பு உண்டு. இதைக் கண்டறிய மனிதருக்கு நூறாண்டுகள் பிடித்தன. அந்தக் கண்டுபிடிப்பின் கதை நம் நாட்டுப் பஞ்சத்தில் தொடங்குகிறது.

தாது வருஷப் பஞ்சம்

தாது வருஷப் பஞ்சம் என்ற சொல்லை இங்குள்ள முதியோர் தம் பாட்டன் பாட்டிமார் வாயிலாகக் கேட்டிருப்பர். 1876 முதல் 1878 வரை நீடித்த பஞ்சம் அது. தென்னாட்டிலும் தக்காணத்திலும் மழை பொய்த்து, அரை கோடிக்கும் மேற்பட்ட மக்கள் மாண்டனர் என்று கணக்கிட்டிருக்கின்றனர். மழை இல்லாமை ஒரு காரணம். தானியம் விலையேறி ஏழைக்கு எட்டாமற் போனதும், ஆண்ட அன்னிய அரசாங்கம் உரிய காலத்தில் போதிய உதவி செய்யாததும் மற்றக் காரணங்கள். வானம் பொய்த்தால் விளைச்சல்தான் குறையும்; மனிதர் சாவது மனிதர் செய்யும் ஏற்பாட்டின் குறையாலும்தான் என்பதை அப்பஞ்சம் காட்டியது.

அப்போது இந்திய வானிலைத் துறை தோன்றி இரண்டொரு ஆண்டுகளே ஆகியிருந்தன. 1875-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட அத்துறைக்கு ஹென்றி பிளான்ஃபோர்டு என்பவர் தலைவராயிருந்தார். வரும் பருவம் மழை தருமா, தராதா என்பதை முன்கூட்டியே அறிய வழி உண்டா என்று அரசாங்கம் அவரைக் கேட்டது. இமயமலையில் பனி மிகுதியாகப் பெய்து நெடுநாள் கரையாதிருந்தால், அதனை அடுத்து வரும் தென்மேற்குப் பருவமழை குன்றுகிறது என்று அவர் கண்டார். 1884-ஆம் ஆண்டில் அதனை எழுதி வெளியிட்டார். 1886-ஆம் ஆண்டு முதல் பருவமழை முன்னறிவிப்பு ஆண்டுதோறும் வெளிவரலாயிற்று. உலகிலேயே பருவமழையை மாதக்கணக்கில் முன்னதாகச் சொல்லத் துணிந்த முதல் முயற்சிகளுள் இதுவும் ஒன்று என்பது நமக்குப் பெருமையே.

இதே காலத்தில், தென் ஆஸ்திரேலியாவில் வானாராய்ச்சி நிலையத்தை நடத்திவந்த சார்லஸ் டாட் என்பவர் ஒரு விந்தையைக் குறிப்பிட்டார். இந்தியாவில் வறட்சி வரும் ஆண்டுகளில் ஆஸ்திரேலியாவிலும் வறட்சி வருகிறதே என்று 1888-ஆம் ஆண்டில் அவர் எடுத்துக் காட்டினார். இரு நாடுகளுக்கும் இடையே பெருங்கடல் கிடக்கிறது. இருந்தும் ஒரே ஆண்டில் இரு நாட்டு உழவனும் வானத்தைப் பார்த்து வாடுவது ஏன்? அன்று எவருக்கும் விடை தெரியவில்லை.

எண்களைக் கோத்தவர்

1899-ஆம் ஆண்டில், மழை நன்றாகப் பெய்யும் என்று கூறிய முன்னறிவிப்பு பொய்த்தது. கொடிய வறட்சி வந்தது. இமயத்துப் பனியை மட்டும் நம்புவது போதாது என்பது தெளிவாயிற்று. அதன்பின் 1904-ஆம் ஆண்டில் வானிலைத் துறையின் தலைமையை ஏற்றவர் கில்பர்ட் வாக்கர். அவர் வானிலை படித்தவரல்லர், கணித வல்லுநர். காரணத்தைப் பின்னர்த் தேடுவோம், முதலில் கணக்கைப் பார்ப்போம் என்று அவர் முடிவு செய்தார்.

உலகின் பல மூலைகளிலிருந்தும் காற்றழுத்தம், வெப்பம், மழை ஆகியவற்றின் பல்லாண்டுக் கணக்குகளை வரவழைத்தார். இன்றுள்ள கணிப்பொறி அன்று ஏது? இந்திய எழுத்தர்கள் நாட்கணக்காக உட்கார்ந்து, ஊருக்கு ஊர், ஆண்டுக்கு ஆண்டு, எண்ணோடு எண்ணைக் கையாலேயே ஒப்பிட்டுக் கணித்தனர். இருபது ஆண்டு உழைப்பின் பயனாக ஓர் ஒழுங்கு புலப்பட்டது. பசிபிக் கடலின் கீழைப் பகுதியில் காற்றழுத்தம் ஏறும்போது, இந்தியப் பெருங்கடல் பக்கத்தில் இறங்குகிறது. அங்கே இறங்கும்போது இங்கே ஏறுகிறது. நம் கிணற்று ஏற்றத்தின் மரம் ஒரு முனை தாழ மறுமுனை உயர்வதுபோல, உலகின் பாதியளவு அகலத்திற்குக் காற்று மண்டலம் ஏறி இறங்குகிறது. இதற்குத் 'தென்னலைவு' என்று பொருள்படும் பெயரை 1920-களில் அவர் சூட்டினார்.

இங்கே நாம் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. வாக்கர் ஆராய்ந்த எண்கள் எங்கிருந்து வந்தன? சிற்றூர்களிலும் துறைமுகங்களிலும் தாலுக்காக் கச்சேரிகளிலும், காலையில் எழுந்து மழைமானியில் நின்ற நீரை அளந்து ஏட்டில் குறித்துவைத்த பெயர் தெரியாத மனிதர்களிடமிருந்து வந்தன. அவர்கள் ஒருநாள் சோம்பியிருந்தால், அந்த நாளின் எண் உலகத்திற்கே இல்லாமற் போயிருக்கும்.

கடல் சூடேறுவது எப்படி?

அழுத்தம் ஏறி இறங்குவதைக் கண்டாரே தவிர, அது ஏன் நிகழ்கிறது என்பதை வாக்கர் காணவில்லை. விடையின் மறுபாதி பெரு நாட்டு மீனவரிடம் இருந்தது.

பெருநாட்டுக் கரைக்கடல் வழக்கமாகக் குளிர்ந்திருக்கும். நிலநடுக்கோட்டை ஒட்டிக் கிழக்கிலிருந்து மேற்காக ஓயாது வீசும் காற்று, மேற்பரப்பிலுள்ள சூடான நீரை இந்தோனேசியா பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருக்கும். அவ்விடத்தை நிரப்ப ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் மேலெழும். அந்த நீரில் சத்து மிகுதி. ஆதலால் நெத்திலி வகை மீன் அங்கே கோடி கோடியாகப் பெருகும். சில ஆண்டுகளில் அக்காற்று தளர்ந்துவிடும். தள்ளுவாரின்றிச் சூடான நீர் கிழக்கு நோக்கித் திரும்பும். குளிர்ந்த நீர் மேலே வருவது நிற்கும், மீன் அகன்றுவிடும். இச்சூடு கிறிஸ்துமஸ் பண்டிகையை ஒட்டித் தோன்றுவதால், குழந்தை ஏசுவைக் கருதி 'எல் நினோ', அதாவது 'ஆண்குழந்தை' என்று மீனவர் பெயரிட்டனர். இதற்கு மாறாக, காற்று வலுத்துக் கடல் வழக்கத்தைவிடக் குளிர்ந்தால், அதனை 'லா நினா', அதாவது 'பெண்குழந்தை' என்று பிற்காலத்தில் வழங்கலாயினர்.

மீனவர் கண்ட சூட்டையும் வாக்கர் கண்ட அழுத்த ஏற்றத்தாழ்வையும் ஒன்றாக இணைத்து, இரண்டும் ஒரே நிகழ்ச்சியின் இரு முகங்கள் என்று 1969-ஆம் ஆண்டில் விளக்கியவர் ஜேக்கப் பியர்க்னஸ் என்னும் விஞ்ஞானி. கடல் எங்கே சூடாக இருக்கிறதோ அங்கே காற்று மேலெழுந்து மேகமாகும். சூடான நீர் இந்தோனேசியாவை விட்டு நடுக்கடலுக்கு நகர்ந்தால், மேகம் திரளும் இடமும் உடன் நகர்கிறது. அவ்வளவு பெரிய மாற்றம் நேரும்போது, அயலிலுள்ள ஆஸ்திரேலியாவும் இந்தியாவும் தப்ப முடியுமா? டாட் கேட்ட கேள்விக்கு எண்பது ஆண்டு கழித்து விடை கிடைத்தது.

நம் சொந்தக் கடலையும் விஞ்ஞானிகள் விட்டுவைக்கவில்லை. 1959 முதல் 1965 வரை நடந்த பன்னாட்டு இந்தியப் பெருங்கடல் ஆய்வில் பல நாட்டுக் கப்பல்களோடு நம் நாட்டுக் கப்பல்களும் கலந்துகொண்டன. அதன் பயனாகவே கோவாவிலுள்ள தேசியக் கடலாய்வு நிறுவனம் 1966-ஆம் ஆண்டில் எழுந்தது. 1999-ஆம் ஆண்டில், ஜப்பானில் பணியாற்றிய நம் நாட்டவர் சாஜி, ஜப்பானியர் யமகட்டா முதலானோர், இந்தியப் பெருங்கடலிலேயே ஆப்பிரிக்கப் பக்கமும் சுமத்திராப் பக்கமும் மாறி மாறிச் சூடேறுவதை எடுத்துக்காட்டினர். 1982-83-இல் வந்த மாபெரும் எல் நினோவை, அது வளர்ந்த பின்னரே உலகம் உணர்ந்தது. அவ்வாறு மீண்டும் ஏமாறலாகாது என்று கருதி, பசிபிக் கடலில் வரிசையாக மிதவைகளை நங்கூரமிட்டு நிறுத்தினர். இன்று 'ஆர்கோ' என்னும் தானியங்கி மிதவைகள் ஏறத்தாழ நாலாயிரம் உலகக் கடல்களில் மிதக்கின்றன. ஒவ்வொன்றும் பத்து நாளுக்கொருமுறை 2,000 மீட்டர் ஆழம் வரை மூழ்கி எழுந்து, வெப்பத்தையும் உப்பையும் அளந்து செய்தி அனுப்புகிறது. சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகமும் ஐதராபாத்திலுள்ள கடல்சார் தகவல் மையமும் இப்பணிகளில் நம் பங்கைச் செய்துவருகின்றன.

நமக்கு மட்டும் கணக்கு வேறு

இப்போது கண்மாய்க் கரைப் பெரியவரின் கேள்விக்கு வருவோம். எல் நினோ என்றால் வறட்சி என்று செய்தித்தாள்களில் படிக்கிறோம். அது வட இந்தியாவிற்கும் நடு இந்தியாவிற்கும் பொருந்தும் பேச்சு. தென்மேற்குப் பருவமழை எல் நினோ ஆண்டுகளில் பெரும்பாலும் குன்றுகிறது. ஆனால் நாம் நம்பியிருப்பது வடகிழக்குப் பருவமழை. அது எல் நினோ ஆண்டுகளில் குன்றுவதைவிட மிகுவதே அதிகம். லா நினா ஆண்டுகளில் குறைவதே அதிகம். ஆகையால் வடநாட்டுச் செய்தியைப் படித்துவிட்டு நம் புன்செயைத் தரிசாகப் போட்டால், நல்ல ஆண்டை வீணே இழந்தவராவோம்.

சான்று வேண்டுமாயின் அண்மைக் காலத்தையே பார்க்கலாம். 2015-ஆம் ஆண்டில் வலிமையான எல் நினோ இருந்தது. அவ்வாண்டு நாடு முழுவதற்குமான தென்மேற்குப் பருவமழை இயல்பைவிட 14 விழுக்காடு குறைந்தது. ஆனால் அவ்வாண்டின் வடகிழக்குப் பருவத்தில் தமிழ்நாடு இயல்பினும் மிக அதிகமாக மழை பெற்றது. சென்னை வெள்ளத்தில் மூழ்கியதை நாடறியும். அடுத்த ஆண்டாகிய 2016-இல் பசிபிக் கடல் குளிர்ந்தது. அவ்வாண்டு வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 62 விழுக்காடு குறைந்தது. 2017 ஜனவரியில் அரசு எல்லா மாவட்டங்களையும் வறட்சி மாவட்டங்களென அறிவிக்க நேர்ந்தது. தாது வருஷத்திலும் இதே பாடம் இருக்கிறது. 1876-இல் நம் வடகிழக்குப் பருவமழை தவறியபோது பசிபிக் கடல் குளிர்ந்திருந்தது என்றும், அடுத்த ஆண்டு மாபெரும் எல் நினோ எழுந்தது என்றும் ஆராய்ச்சியாளர் கண்டிருக்கின்றனர்.

ஆனால் இதனை வேதவாக்காகக் கொண்டுவிடலாகாது. 2021-ஆம் ஆண்டு லா நினா ஆண்டு. குறைவாகப் பெய்யும் என்று கணக்குச் சொல்லும். வானமோ இயல்புக்கு மிக அதிகமாகக் கொட்டித் தீர்த்தது. பசிபிக் கடல் ஒன்றே நம் மழையை நடத்துவதன்று. இந்தியப் பெருங்கடலின் சூடு, வங்கக் கடலில் தோன்றும் தாழ்வு நிலைகள், புயலின் பாதை என்று வேறு பல காரணங்களும் உண்டு. நூற்றுக்கு அறுபது வாய்ப்பு என்று வானிலைத் துறை சொன்னால், அத்தகைய பத்து ஆண்டுகளில் ஆறு ஆண்டு அவ்வாறு நிகழும், நான்கு ஆண்டு மாறாக நிகழும் என்பதே பொருள். அந்த நான்கையும் மறவாதவனே அறிவுள்ள உழவன்.

சித்திரை முதல் நாளில் கோயிலில் பஞ்சாங்கம் படித்து, இவ்வாண்டு இத்தனை மரக்கால் மழை என்று கேட்பது நம் மரபு. அதனை ஏளனம் செய்ய நாம் வரவில்லை. ஆண்டின் மழையைப் பற்றி ஊர் கூடி யோசிக்கவேண்டும் என்ற நல்ல எண்ணம் அதில் இருக்கிறது. அந்த எண்ணத்தோடு அளந்தறிந்த எண்ணையும் சேர்த்துக்கொள்வோம் என்பதே நம் வேண்டுகோள்.

மழையை அளப்போம்

தொலைக் கடலை விஞ்ஞானிகள் அளக்கின்றனர். நம் ஊர் மழையை அளப்பவர் யார்? வட்டத் தலைநகரில் மழைமானி இருக்கலாம். ஆனால் கண்மாயின் கீழ்க்கரையில் கொட்டிய மழை மேற்கரையில் தூறலோடு நின்றுவிடுவதை நாம் ஆண்டுதோறும் பார்க்கிறோம். எங்கோ அளந்த மழை நம் காட்டில் பெய்த மழையாகாது.

மழையளப்பது நமக்குப் புதிதன்று. பண்டசாலையின் முன்னே மழையளக்கும் பாத்திரம் வைக்கவேண்டும் என்ற செய்தி கௌடிலியரின் அர்த்தசாஸ்திரத்திலேயே இருக்கிறது. நம் பெரியோர் 'ஓர் உழவு மழை', 'இரண்டு உழவு மழை' என்று மண் நனைந்த ஆழத்தைக் கொண்டு கணித்தனர். முற்றத்து ஆட்டுரலில் நின்ற நீரைப் பார்த்தும் சொன்னதுண்டு. ஆனால் ஆட்டுரலின் குழி மேலே அகன்றும் கீழே குறுகியும் இருப்பதால், பெய்த மழையின் உயரத்தை அது உள்ளவாறு காட்டாது. அடிமுதல் வாய்வரை ஒரே அகலமாக, நேர்ச்சுவராக உள்ள பாத்திரமே உண்மை சொல்லும். அத்தகைய பாத்திரத்தின் வாய் ஒரு சாண் ஆனாலும் இரு சாண் ஆனாலும், நிற்கும் நீரின் உயரம் ஒன்றே.

விடுதலைக்குப் பின் வானிலைக் கருவிகளை நம் நாட்டிலேயே செய்யும் நிலைக்குக் கொண்டுவந்தவர்களுள் முதன்மையானவர் அன்னா மணி என்னும் பெண்மணி. திருவிதாங்கூரில் 1918-இல் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்றவர். 1948-இல் புனாவில் வானிலைத் துறையில் சேர்ந்து, ஏறத்தாழ நூறு வகைக் கருவிகளுக்கு வரைபடங்களைத் திட்டப்படுத்தினார். அளவு தவறாக இருப்பதைவிட அளவே இல்லாதிருப்பது மேல் என்ற உறுதியோடு அவர் உழைத்தார். நாமும் அவ்வுறுதியோடு அளக்கவேண்டும்.

முறை எளிது. மழைமானியைத் திறந்த வெளியில், தரையிலிருந்து வாய் 30 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்குமாறு ஆடாமல் நிறுத்தவேண்டும். மரமோ சுவரோ அருகிலிருந்தால், அதன் உயரத்தைப்போல் இரு மடங்குக்குக் குறையாத தூரம் தள்ளி வைக்கவேண்டும். நாள்தோறும் காலை 8.30 மணிக்கு அளந்து, ஏட்டில் எழுதி, நீரைக் கொட்டிவிடவேண்டும். மழை இல்லாத நாளில் 'சுழி' என்று எழுதவேண்டும், வெற்றிடமாக விடலாகாது. மழை இல்லையா, அளக்கவில்லையா என்பது பின்னால் வருபவருக்குத் தெரியாமற் போகும் அன்றோ?

எண்ணின் பயனைச் சிறு கணக்கால் பார்ப்போம். ஒரு சதுர மீட்டர் நிலத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர் தண்ணீர். ஓர் ஏக்கர் என்பது ஏறத்தாழ 4,047 சதுர மீட்டர். ஆகவே 25 மில்லிமீட்டர், அதாவது ஓர் அங்குல மழை, ஓர் ஏக்கரில் ஒரு லட்சம் லிட்டர் தண்ணீரைத் தருகிறது. 5,000 லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரியில் கொண்டுவருவதானால் இருபது லாரி வேண்டும். இவ்வளவு தண்ணீரை விலையின்றிப் பெற்று, வரப்பு உடைந்து ஓடவிடுவதும், வரத்துக்கால் தூர்ந்து கண்மாய்க்குச் சேராமல் விடுவதும் எத்தகைய நஷ்டம் என்பதை எண் காட்டிவிடும்.

விதைப்பிற்கும் எண் உதவும். கரிசல் மானாவாரியில், பருவமழைக்குச் சில வாரங்கள் முன்னரே, காய்ந்த மண்ணில் விதைத்துவிடும் முறையைக் கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையம் போன்றவை பரிந்துரைத்துவருகின்றன. 1901-ஆம் ஆண்டு முதல் கரிசல் நிலத்தை ஆராய்ந்துவரும் நிலையம் அது. விதையை ஊறவைத்து நிழலில் உலர்த்திக் கடினப்படுத்தி, சுமார் 5 சென்டிமீட்டர் ஆழத்தில் விதைத்தால், சிறு தூறலுக்கு ஏமாந்து முளைக்காமல் மண் நன்கு நனைந்த பின்னரே முளைக்கும். முதல் மழையின் ஈரம் முழுவதும் பயிருக்கு ஆகும். எந்த வாரத்தில் அத்தகைய மழை நம் ஊரில் வழக்கமாக வருகிறது? பத்தாண்டு ஏடு இருந்தால் அதைப் புரட்டிச் சொல்லிவிடலாம். இல்லையேல் நினைவை நம்பவேண்டியதுதான். நல்ல மழையும் கெட்ட வறட்சியும் நினைவில் நிற்கும்; நடுத்தரமான ஆண்டுகள் நிற்பதில்லை.

ஊராட்சி செய்யத்தக்கது

ஆதலால் நாம் கேட்டுக்கொள்வது மூன்று காரியங்கள்.

முதலாவது, ஒவ்வொரு ஊராட்சியிலும் ஒரு மழைமானியும் ஒரு மழை ஏடும் இருக்கட்டும். பள்ளி வளாகத்தில் அதனை வைத்து, ஆசிரியர் மேற்பார்வையில் மாணவரே அளக்கட்டும். விடுமுறை நாளுக்கு அருகிலுள்ள வீட்டாரைப் பொறுப்பாக்கலாம். மழையோடு, கண்மாயில் நீர் நின்ற அளவையும், ஊரில் விதைப்புத் தொடங்கிய நாளையும், பயிர் முளைத்த நாளையும் எழுதிவைக்கலாம்.

இரண்டாவது, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய கிராம சபைக் கூட்டங்களில் மழையைப் பற்றிப் பேச ஒரு நேரம் ஒதுக்கப்படட்டும். ஆகஸ்டுக் கூட்டத்தில் பசிபிக் கடலும் இந்தியப் பெருங்கடலும் இருக்கும் நிலையை வேளாண்மை அலுவலரிடம் கேட்டறிந்து, முன்விதைப்பிற்கும் விதை இருப்பிற்கும் திட்டமிடலாம். வடகிழக்குப் பருவமழை பற்றிய முன்னறிவிப்பை வானிலைத் துறை செப்டம்பர் முடிவை ஒட்டி வெளியிடுகிறது. அக்டோபர்க் கூட்டத்தில் அதனையும் நம் ஏட்டையும் ஒருசேரப் படிக்கலாம்.

மூன்றாவது, முன்னறிவிப்பு எத்தகையதாயினும் எல்லா நிலத்தையும் ஒரே பயிரில், ஒரே நாளில் பந்தயம் வைக்கவேண்டாம். மூன்று ஏக்கர் உள்ளவர் ஒரு பகுதியில் வறட்சி தாங்கும் குதிரைவாலியோ சோளமோ விதைத்து, மற்றொரு பகுதியில் பயறு வகையோ பருத்தியோ போடலாம். கடல் பொய் சொன்னாலும் அடுப்பு எரியும்.

வறட்சி என்று அரசு அறிவிப்பதற்கும் மழைக் குறைவே முதற்சான்று. ஊர் ஏடு சர்க்கார் கணக்குக்கு மாற்றாகாது. ஆயினும் அதிகாரிகளிடம் 'மழையே இல்லை' என்று சொல்வதைவிட, 'இந்த நாள் முதல் இந்த நாள் வரை இத்தனை மில்லிமீட்டர்தான்' என்று ஏட்டைத் திறந்து காட்டுவதற்கு மதிப்பு அதிகம்.

திருச்சுழி என்ற ஊரின் பெயருக்கே வெள்ளத்தைப் பற்றிய ஒரு புராணம் உண்டு. உலகை மூழ்கடிக்க வந்த பிரளயத்தைச் சிவபெருமான் சுழித்து உள்ளடங்கச் செய்தார் என்பர். வெள்ளத்தையும் வறட்சியையும் நினைவில் வைத்த மண் இது. அந்த நினைவை இனி எண்ணாகவும் எழுதிவைப்போம்.

பெரியவரின் கேள்விக்கு நாம் அங்கேயே சொன்ன பதில் இதுதான்: "பெரியவரே, அந்தக் கடல் சூடானால் உங்கள் காட்டுக்கு மழை கூடவும் வாய்ப்புண்டு. அதை அளந்து சொல்ல அங்கே ஆள் இருக்கிறார்கள். உங்கள் காட்டில் எவ்வளவு பெய்தது என்று சொல்லத்தான் இங்கே ஆள் இல்லை." அவர் சற்று நேரம் யோசித்து, "என் பேரன் ஏழாம் வகுப்புப் படிக்கிறான். அவனை அளக்கச் சொல்கிறேன். அந்தப் பாத்திரத்துக்கு மட்டும் வழி செய்யுங்கள்" என்றார்.

பாத்திரத்துக்கு வழி செய்வது, இங்கே வந்திருக்கும் ஊராட்சித் தலைவர்களாலும் உறுப்பினர்களாலும் ஆகக்கூடிய காரியம். பெருஞ்செலவு பிடிப்பதும் அன்று. வரும் ஐப்பசிக்குள் அதனைச் செய்து முடிப்பீர்கள் என்று நம்புகிறோம்.